ஜாஸ் பியானோ: ஒரு பாட்டைச் சுற்றிப் பயிற்சிப் பொருள் சேர்ப்பது எப்படி

ஜாஸ் பியானோ கற்கத் தொடங்கும் பலரும் முதல் வாரத்திலேயே கைக்குக் கிடைத்ததையெல்லாம் சேர்த்துவிடுகிறார்கள். நானூறு பாட்டுத் தொகுப்பு ஒன்று, ஸ்கேல் புத்தகம் இரண்டு, பாதியில் நிற்கும் வீடியோ வகுப்பு மூன்று. மூன்று மாதம் போனபின் பார்த்தால், தாளைப் பார்க்காமல் ஒரு பாட்டைக்கூட ஆரம்பம் முதல் கடைசிவரை வாசிக்க வராது. உழைப்பில் குறையில்லை. சேர்த்த பொருட்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் கிடக்கின்றன, அதுதான் சிக்கல். புத்தகத்தில் பழகிய கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வாசிக்கும் பாட்டில் வருவதில்லை. விரும்பிக் கேட்ட பதிவுக்குக் கையில் தாள் இல்லை.

கிளாசிக்கல் பியானோவில் தாளிலேயே எல்லாம் இருக்கும். ஜாஸில் தாள் மெட்டையும் கார்டுகளின் பெயரையும் மட்டுமே தரும். இடது கை எங்கே விழ வேண்டும், எந்தச் சுரத்தைப் பலமாக அழுத்த வேண்டும், எங்கே கையை எடுத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும் என்பதெல்லாம் பதிவைக் கேட்டால்தான் தெரியும். அதனால் பாடம் என்பது பதிவு. தாள் அதற்கான குறிப்பு. ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, அதற்கான பதிவு, தாள், பின்னணி ட்ராக், புத்தகத்தில் சில பக்கங்கள் என்ற வரிசையில் சேர்ப்பதே நல்ல வழி.

தொடங்கும் முன்

விசையை மெதுவாகத் தட்டினால் மெதுவாகவும் ஓங்கித் தட்டினால் பலமாகவும் ஒலிக்கிற கீபோர்டு வேண்டும். 61 விசை முதல் ஆறு மாதத்துக்குப் போதும். 88 விசை, கனமான விசை இருந்தால் நல்லது. தொடுதலுக்கு ஏற்பச் சத்தம் மாறாத கீபோர்டில் ஜாஸ் பழக முடியாது, ஏனென்றால் ஸ்விங் (ஜோடிச் சுரங்களில் முதலாவது நீண்டு, இரண்டாவது குறுகி வரும் நடை) உணர்வில் பெரும்பங்கு எந்தச் சுரத்தைப் பலமாக அழுத்துகிறோம் என்பதில் இருக்கிறது.

காதை மூடும் ஹெட்ஃபோன் ஒன்று கட்டாயம். நின்று வாசிக்கும் பெரிய பாஸ் வாத்தியத்தின் அடித்தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. போன் ஸ்பீக்கரில் அந்த அடிச்சுரமே வராது. பாஸ் கேட்காமல் ஜாஸ் கேட்பவருக்குக் கார்டு எங்கே மாறுகிறது என்றே தெரியாது.

ஐந்தாறு மேஜர் ஸ்கேல், மேஜர் 7, மைனர் 7, டாமினன்ட் 7 ஆகிய மூன்று வகைக் கார்டு, வலது கைக்கான ட்ரெபிள் கிளெஃப் வாசிப்பு, இவை தெரிந்திருந்தால் தொடங்கலாம். இவை வராவிட்டால் ஒரு மாதம் இவற்றையே பழகுங்கள்.

படி 1: பாட்டைத் தேர்ந்தெடுப்பது

முதல் பாட்டு பிடித்த பாட்டாக இருக்க வேண்டும் என்று பலர் சொல்வார்கள். பிடித்திருப்பது நல்லதுதான். ஆனால் பிடித்த பாட்டு நிமிடத்துக்கு 240 அடி வேகத்தில், பாருக்கு (நான்கு அடி கொண்ட ஒரு தாளப் பகுதி) இரண்டு கார்டு வீதம் ஓடுவதாக இருந்தால் மனம்தான் உடையும். மெட்டு சிறியதாக, கார்டுகள் குறைவாக, நடுத்தர வேகமாக இருப்பதைப் பாருங்கள். அதைவிட முக்கியமாக, நல்ல பியானோக் கலைஞர்கள் வாசித்த பதிவு குறைந்தது இரண்டு அதற்கு இருக்க வேண்டும்.

இந்தக் கணக்குக்கு ‘சி ஜாம் ப்ளூஸ்’ சரியாகப் பொருந்தும். டியூக் எலிங்டனின் இந்தப் பாட்டின் மெட்டில் ஜி, சி என்று இரண்டே சுரங்கள். நான்கு பார் நீளமுள்ள ஒரே வரி மூன்று முறை வரும், மொத்தம் 12 பார். மெட்டைக் கற்கப் பத்து நிமிடம் போதும் என்பதால் மீதி நேரமெல்லாம் தாளத்துக்கும் இடது கைக்கும் கிடைக்கிறது.

அடுத்து ‘ப்ளூ பாஸா’. கென்னி டோரம் எழுதிய 16 பார் பாட்டு, சி மைனரில் தொடங்கி 9 முதல் 12-ஆம் பார் வரை டி ஃபிளாட் மேஜருக்குப் போய்த் திரும்பும். இது ஸ்விங் அல்ல, சுரங்கள் சம அளவில் நடக்கும். அந்த வேறுபாட்டைக் கை உணர்வதற்காகவே இது இரண்டாவது இடத்தில் வருகிறது. மூன்றாவதாக ‘ஆட்டம் லீவ்ஸ்’. ஜாஸில் ஓயாமல் வரும் இரண்டு–ஐந்து–ஒன்று நகர்வு (ஸ்கேலின் இரண்டாம், ஐந்தாம், முதல் சுரங்களில் எழும் கார்டுகள் அடுத்தடுத்து வருவது) மேஜரிலும் மைனரிலும் மாறி மாறி இதில் கிடைக்கிறது. இதைப் பழகினால் நூற்றுக்கணக்கான பாட்டுகளின் எலும்புக்கூடு கைக்கு வந்துவிடும்.

‘ஸோ வாட்’ பார்க்க எளிது. 32 பாரில் டி டோரியன் (மைனர் சாயல் கொண்ட ஒரு ஸ்கேல்) 16, ஈ ஃபிளாட் டோரியன் 8, மறுபடி டி டோரியன் 8, அவ்வளவே. ஆனால் கார்டு மாறாத இடத்தில்தான் புதியவர் வழி தவறுவார். எத்தனையாவது பாரில் இருக்கிறோம் என்று காட்ட அடையாளமே இருக்காது. அதை நான்காவதாக வையுங்கள்.

படி 2: பதிவு

ஒரு பாட்டுக்கு இரண்டு பதிவு போதும், இரண்டிலும் பியானோ தெளிவாகக் கேட்க வேண்டும். ‘சி ஜாம் ப்ளூஸு’க்கு ஆஸ்கர் பீட்டர்சன் மூவர் குழு 1962 டிசம்பரில் பதிவு செய்த ‘நைட் ட்ரெயின்’ ஆல்பமும், ரெட் கார்லண்டின் 1957 ஆல்பமான ‘க்ரூவி’யும் இருக்கின்றன. இரண்டும் பியானோ, பாஸ், ட்ரம்ஸ் மட்டுமே. முன்னதில் ரே பிரவுன் பாஸ், எட் திக்பென் ட்ரம்ஸ். பின்னதில் பால் சேம்பர்ஸும் ஆர்ட் டெய்லரும். தொடக்கத்துக்குக் கார்லண்டையே சிபாரிசு செய்வேன். பீட்டர்சனின் விரல் வேகம் வியக்க வைக்கும், ஆனால் அதைப் பின்தொடர்வது புதியவரால் ஆகாது. கார்லண்டின் இடது கை குட்டையாக, தெளிவாக விழும், கேட்டுப் பிடிக்கலாம்.

‘ப்ளூ பாஸா’வுக்கு ஜோ ஹென்டர்சனின் 1963 ‘பேஜ் ஒன்’, பியானோ மெக்காய் டைனர். ‘ஆட்டம் லீவ்ஸு’க்குக் கேனன்பால் ஆடர்லியின் 1958 ‘சம்திங் எல்ஸ்’, பியானோ ஹாங்க் ஜோன்ஸ்.

‘ஸோ வாட்’ தேடும்போது ஒரு கவனம் வேண்டும். மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ 1959-ல் பதிவானபோது, முதல் நாள் அமர்வில் டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியது. அதனால் பழைய எல்பி இசைத்தட்டின் முதல் பக்கம் சரியான சுருதிக்குச் சற்று மேலே ஒலிக்கும். பழைய எல்பியிலிருந்து எடுத்த கோப்போடு சேர்ந்து வாசித்தால் கீபோர்டு ஒட்டாது. குறை உங்கள் காதில் என்று நினைத்துவிடுவீர்கள். 1997 மறுவெளியீட்டிலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் இதைச் சரிசெய்துவிட்டார்கள்.

இசைச் செயலிகளில் ஒரே பாட்டுக்குப் பல பதிப்பு வரும். ஆல்பம் பெயர், ஆண்டு, வாசித்தவர் மூன்றையும் சரிபார்த்து எடுங்கள்.

கேட்பதையும் முறையாகச் செய்யுங்கள். முதல் மூன்று நாள் கீபோர்டைத் தொடாமல் தினம் மூன்று முறை. முதல் தடவை மெட்டோடு சேர்ந்து பாடுங்கள். இரண்டாம் தடவை பாஸை மட்டும் கேளுங்கள். மூன்றாம் தடவை ஒவ்வொரு 12 பாரும், அதாவது ஒரு சுற்று, எங்கே முடிகிறது என்று விரல்விட்டு எண்ணுங்கள். இந்த எண்ணிக்கை தப்பாமல் வரும்வரை வாசிக்கத் தொடங்க வேண்டாம். கேட்கும்போதே சுற்று தவறுகிறவர், வாசிக்கும்போது கண்டிப்பாகத் தவறுவார்.

படி 3: தாள்

மெட்டும் கார்டுப் பெயரும் மட்டும் உள்ள ஒரு பக்கத் தாளை லீட் ஷீட் என்பார்கள். இவற்றின் பெரிய தொகுப்பு ‘தி ரியல் புக்’. 1970-களில் பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரி மாணவர்கள், பாட்டெழுதியவர்களின் அனுமதியில்லாமல் தயாரித்துக் கைமாற்றிய புத்தகம் அது. 2004-ல் ஹால் லெனார்ட் உரிமை பெற்று ஆறாம் பதிப்பாக வெளியிட்டது. அதையே வாங்குங்கள். பழைய நகல்களில் இருந்த பல பிழைகள் இதில் திருத்தப்பட்டிருக்கின்றன. எழுதியவர்களுக்குப் பணமும் போகிறது.

வாங்கும்போது அட்டையில் ‘சி’ பதிப்பு என்று இருக்கிறதா பாருங்கள். பி ஃபிளாட் பதிப்பு ட்ரம்பெட், டெனர் சாக்ஸஃபோன்காரர்களுக்கு. ஈ ஃபிளாட் பதிப்பு ஆல்டோ சாக்ஸஃபோனுக்கு. தவறிப்போய் அவற்றை வாங்கினால் தாளில் உள்ளது ஒன்று, பதிவில் கேட்பது வேறொன்று என்று ஆகிவிடும்.

தாளில் வரும் குறிகள் சில: எழுத்துக்குப் பின் கழித்தல் குறி இருந்தால் மைனர். சிறு முக்கோணம் மேஜர் 7. குறுக்கே கோடு போட்ட வட்டம், ஐந்தாம் சுரம் அரை ஸ்டெப் இறங்கிய மைனர் 7. கோடில்லாத வட்டம் டிமினிஷ்டு.

தாளை அப்படியே நம்ப வேண்டாம். பதிவோடு ஒப்பிடும் முறை எளிது. ஹெட்ஃபோனில் பதிவை ஓடவிட்டு, ஒவ்வொரு பாரின் முதல் அடியில் பாஸ் தொடும் சுரத்தை மட்டும் இடது கையில் தேடுங்கள். கார்டு மாறும் இடத்தில் பாஸ்காரர் பெரும்பாலும் அதன் மூலச்சுரத்தில்தான் (கார்டுக்குப் பெயர் தரும் சுரம்) இறங்குவார். 12 பாருக்கு 12 எழுத்து எழுதித் தாளோடு வைத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு இடம் மாறினால் பரவாயில்லை, இரண்டுமே வழக்கில் இருக்கலாம். எல்லா இடமும் ஒரே அளவு தள்ளிப் போனால் தாளும் பதிவும் வேறு வேறு கீயில் (கட்டையில்) இருக்கின்றன என்று பொருள். ‘ஆட்டம் லீவ்ஸ்’ இதற்கு நல்ல உதாரணம்: ஆடர்லி பதிவு ஜி மைனர், ஆனால் ஈ மைனரில் அச்சான தாளும் புழக்கத்தில் உண்டு.

இரண்டு கைக்கும் ஒவ்வொரு சுரத்தையும் எழுதி, மேலே கார்டுப் பெயரே போடாமல் ‘எளிய ஜாஸ்’ என்று விற்கும் தாள்களைத் தவிர்க்கவும். வாசித்தால் அழகாக இருக்கும். ஆனால் அடுத்த பாட்டுக்கு எடுத்துச் செல்ல அதில் எதுவும் இல்லை.

படி 4: இடது கைக்கு நீங்களே எழுதும் அரைப்பக்கம்

எந்தக் கடையிலும் விற்காத, ஆனால் மிகவும் தேவையான பயிற்சிப் பொருள் இது. ஒரு கார்டின் தன்மையைக் காட்டுவது அதன் மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும். பாட்டின் ஒவ்வொரு கார்டுக்கும் அந்த இரண்டை மட்டும் எழுதிக்கொள்ள வேண்டும்.

சி ப்ளூஸை எடுத்துக்கொள்வோம். எளிய வடிவம் இப்படி: சி 7 நான்கு பார், எஃப் 7 இரண்டு, சி 7 இரண்டு, டி மைனர் 7 ஒன்று, ஜி 7 ஒன்று, சி 7 இரண்டு.

சி 7-க்கு மிடில் சி-க்குக் கீழே உள்ள ஈ, அதன் மேலே பி ஃபிளாட். எஃப் 7 வந்ததும் இரண்டு விரலும் அரை ஸ்டெப் இறங்கும்: ஈ ஃபிளாட், ஏ. மறுபடி சி 7-க்குப் பழைய இடம். டி மைனர் 7-க்கு எஃப்பும் மிடில் சி-யும். ஜி 7-க்கு எஃப் அங்கேயே இருக்கும், மேல்விரல் மட்டும் சி-யிலிருந்து பி-க்கு இறங்கும். அங்கிருந்து இரண்டும் அரை ஸ்டெப் இறங்கினால் ஈ, பி ஃபிளாட்; தொடங்கிய இடம்.

12 பாரிலும் எந்த விரலும் ஒரு முழு ஸ்டெப்புக்கு மேல் நகரவில்லை என்பதைக் கவனியுங்கள். இதே பாட்டை மூலச்சுரத்திலிருந்து முழுக் கார்டாகப் பிடித்தால் கை கீபோர்டு முழுக்கத் தாவும். அப்போது கண் கையைத் தேடும், தாளம் உடையும். புதியவர்களின் தாளம் தடுமாறுவதற்குப் பெரும்பாலும் இந்தத் தாவல்தான் காரணம்.

தனியாக வாசிக்கையில் இந்த இரண்டு சுரம் மட்டும் அந்தரத்தில் தொங்குவது போல இருக்கும், ஏனென்றால் மூலச்சுரத்தைத் தர ஆள் இல்லை. பாஸ் உள்ள பின்னணி ட்ராக்கோடு வாசித்தால் நிறைந்துவிடும். ட்ராக் இல்லாதபோது இடது கையில் மூலச்சுரமும் ஏழாம் சுரமும், வலது கையில் மெட்டு என்று மாற்றிக்கொள்ளலாம். மூன்றாம் சுரத்தை ரொம்பக் கீழே கொண்டுபோக வேண்டாம். மிடில் சி-க்குக் கீழே ஒரு ஆக்டேவ் தாண்டினால் கார்டு கலங்கிவிடும்.

படி 5: பின்னணி ட்ராக்கும் மெட்ரோனோமும்

ஜேமி ஏபர்சோல்ட் 1967-ல் தொடங்கிய சேர்ந்து வாசிக்கும் பதிவு வரிசை இன்றும் பயன்படுகிறது. செயலி ஒலியிலிருந்து இது வேறுபட்டது. நிஜமான கலைஞர்களே வாசித்திருக்கிறார்கள். இதில் பாஸ் ஒரு பக்கம், பியானோ மறுபக்கம், ட்ரம்ஸ் இரண்டிலும் என்று பிரித்து வைத்திருப்பார்கள். பியானோ உள்ள பக்கத்தை நிறுத்திவிட்டால் அந்த இடம் உங்களுடையது. போனில் அணுகல்தன்மை அமைப்புகளில் இடது–வலது சமநிலை இருக்கும், அதை ஒரு பக்கமாகத் தள்ளினால் போதும். மோனோ ஒலி அணைந்திருக்க வேண்டும். ஒற்றை ப்ளூடூத் ஸ்பீக்கரில் இரண்டு பக்கமும் கலந்துவிடும் என்பதால் இந்த உத்தி வேலை செய்யாது; ஹெட்ஃபோன் போடுங்கள். புதியவர்களுக்கு இந்த வரிசையில் 54-ஆம் தொகுதி நல்லது. இரண்டு–ஐந்து–ஒன்று மட்டும் பழக 3-ஆம் தொகுதி.

பின்னணி வாசிக்கும் ஐரியல் ப்ரோ செயலியும் உதவும். மெட்டு இருக்காது, கார்டு மட்டும்தான். வேகம், கீ, எத்தனை சுற்று என்பதையெல்லாம் மாற்றலாம். பியானோவை நிறுத்திவிட்டுப் பாஸும் ட்ரம்ஸும் மட்டும் ஓடவிடலாம். ஆனால் அது அலுக்காது, அசையாது, உங்களுக்காகக் காத்திருக்காது. அதையே நம்பிப் பழகினால் சுற்று எங்கே இருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும், நீங்கள் எண்ணவே மாட்டீர்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அதை மூடிவிட்டு மெட்ரோனோமோடு வாசியுங்கள்.

மெட்ரோனோமை நாலு அடிக்கும் தட்டவிட வேண்டாம். 2-ஆம், 4-ஆம் அடிக்கு மட்டும் வையுங்கள். பாட்டு 120 என்றால் மெட்ரோனோம் 60. முதல் தட்டைக் கேட்டதும் ‘இரண்டு’ என்று சொல்லுங்கள், பிறகு மௌனத்தில் ‘மூன்று’, அடுத்த தட்டில் ‘நான்கு’, மௌனத்தில் ‘ஒன்று’. ஒரு நிமிடம் இப்படி எண்ணியபின் கையை வையுங்கள். ஆரம்பத்தில் பத்துப் பாருக்குள் தட்டு 1-க்கும் 3-க்கும் நழுவிப் போகும். நழுவியது தெரிந்தால் நிறுத்தி, எண்ணித் திரும்பத் தொடங்குங்கள். அட்ஜஸ்ட் செய்துகொண்டு ஓடினால் அந்த நழுவலே பழகிவிடும். 100 வேகத்தில் ஐந்து சுற்று நழுவாமல் வந்தால் 8 கூட்டலாம்.

படி 6: நான்கு பார் காதால் எடுத்தல்

பதிவிலிருந்து ஒருவர் வாசித்ததைக் காதால் கேட்டுக் கைக்குக் கொண்டுவருவதுதான் ஜாஸில் முக்கியமான பாடம். பியானோக் கலைஞரும் ஆசிரியருமான லென்னி ட்ரிஸ்டானோ தம் மாணவர்களை, சாக்ஸஃபோன் கலைஞர் லெஸ்டர் யங்கின் தனிவாசிப்புகளை முதலில் வாயால் பாடச் சொன்னார். அந்த வரிசையே சரி: பாடு, பிறகு வாசி, கடைசியில் எழுது.

தொடக்கத்துக்கு மைல்ஸ் டேவிஸ் ‘ஸோ வாட்’டில் வாசித்த தனிவாசிப்பின் முதல் எட்டுப் பார் பொருத்தமானது, ட்ரம்பெட் என்பதால் ஒரு நேரத்தில் ஒரு சுரம், இடைவெளியும் நிறைய. பியானோவே வேண்டும் என்றால் அதே ஆல்பத்தில் ‘ஃப்ரெடி ஃப்ரீலோடரி’ல் விண்டன் கெல்லியின் முதல் 12 பார். யூடியூபில் வேகத்தை 0.75-க்கோ 0.5-க்கோ குறைத்தாலும் சுருதி இறங்காது. கணினியில் இலவச ஆடாசிட்டியில் அந்த நான்கு பாரை வெட்டி, வேகத்தை மட்டும் மாற்றிச் சுற்றி ஓடவிடலாம்.

வாரத்துக்கு நான்கு பார் போதும். நாற்பது பாரை அரைகுறையாக எடுப்பதைவிட, நான்கு பாரை அவர் அழுத்திய இடத்தில் அழுத்தி, அவர் தாமதித்த இடத்தில் தாமதித்து வாசிப்பது பல மடங்கு மேல். அச்சான தனிவாசிப்புப் புத்தகத்தை முதலிலேயே பார்க்க வேண்டாம். எடுத்து முடித்தபின் சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம். அச்சில் ஸ்விங் சுரங்கள் சம அளவில்தான் இருக்கும். காதில் பதிவு இல்லாமல் அதை வாசித்தால் தட்டையாக வரும். விழும் சதுரங்களைக் காட்டும் வீடியோக்களில் இன்னும் மோசம், அவற்றில் கார்டின் பெயர்கூடத் தெரியாது.

புத்தகம் எப்போது

முதல் பாட்டு கைக்கு வந்தபின். மார்க் லெவினின் 1989 ‘தி ஜாஸ் பியானோ புக்’ இன்றும் முதன்மையானது, ஆனால் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படிக்கும் புத்தகமல்ல. இரண்டு–ஐந்து–ஒன்றையும் மூன்று சுர வாய்சிங்கையும் (கார்டின் சுரங்களைக் கையில் அடுக்கும் விதம்) பற்றிய தொடக்கப் பகுதிகளை மட்டும் படித்து, அவற்றை உங்கள் பாட்டின் கார்டுகளில் போட்டுப் பாருங்கள். பின்பகுதி ஓராண்டு காத்திருக்கலாம்.

கிளாசிக்கல் கிரேடு தேர்வு எழுதிப் பழகியவர்களுக்கு, இசைத் தேர்வு நடத்தும் பிரிட்டிஷ் அமைப்பான ஏ.பி.ஆர்.எஸ்.எம். வெளியிட்ட ஜாஸ் பியானோ தொகுப்புகள், கிரேடு 1 முதல் 5 வரை, நல்ல பாலம். அவற்றில் தலைப்பகுதி (பாட்டின் மெட்டு) எழுதியிருக்கும், நடுவே கார்டும் பயன்படுத்தத்தக்க சுரங்களும் மட்டும் தந்து இடம் விட்டிருப்பார்கள். தேர்வு எழுதாவிட்டாலும் கிரேடு 1 புத்தகத்தில் இரண்டு மூன்று ப்ளூஸை வாசியுங்கள். வாசிப்புத் திறன் கிரேடு 6-ல் இருந்தாலும் இங்கே 1-லிருந்தே தொடங்குவது நல்லது. இங்கே பழகுவது அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான்.

தினம் 45 நிமிடம் கிடைத்தால் கேட்டுப் பாட 10, இடது கை அரைப்பக்கத்துக்கு 10, ட்ராக்கோ மெட்ரோனோமோ வைத்து முழுப்பாட்டு 15, காதால் எடுக்க 10. நேரம் குறைந்தால் முழுப்பாட்டை விடாதீர்கள்.

அடுத்த பாட்டுக்கு எப்போது போவது? தாள் இல்லாமல் மெட்டு ஒரு சுற்று, சொந்தமாக இரண்டு சுற்று, மறுபடி மெட்டு ஒரு சுற்று. 80, 110, 140 என்று மூன்று வேகத்தில் நிற்காமல் வர வேண்டும். அதையே எஃப் கீயிலும் 80 வேகத்தில் வாசித்துப் பாருங்கள். போனில் பதிந்து மறுநாள் கேளுங்கள், வாசிக்கும்போது தெரியாத நழுவல் அப்போது தெரியும். மூன்று வேகத்திலும் சுற்று தப்பாமல் நின்றால் ‘ப்ளூ பாஸா’வின் தாளை எடுக்கலாம், முதல் மூன்று நாள் கீபோர்டைத் தொடாமல்.